சடையப்பர் ஏறிய புற்று

ஏழுசுனைக் காட்டில், அல்லிக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் உச்சிக்கிளையில் மினுக்கி என்ற கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தாள். கூட்டில் மூன்று குஞ்சுகள். இறகு இன்னும் முளைக்கவில்லை. வாய் மட்டும் முழுசாக முளைத்திருந்தது!

குரல் மாற்றிக் கத்துவதில் மினுக்கியை மிஞ்ச ஆளில்லை. காட்டுப்பூனை மாதிரி கத்தி எலிகளை ஓடவிடுவாள். பருந்து மாதிரி கூவி மைனாக்களைப் புதருக்குள் விரட்டுவாள். கிழட்டு மந்தி மாதிரி இருமி, அந்த மந்தியையே "யாரது?" என்று கேட்க வைப்பாள்.

ஒருநாள் காலை அவளுக்கு மரங்கொத்தி மாதிரி செய்து பார்க்க ஆசை வந்தது. மரத்தண்டில் அலகால் ஒரு போடு போட்டாள்.

"டொம்!"

மினுக்கி திடுக்கிட்டாள். அது வெறும் பானையின் சத்தம். உயிருள்ள மரம் அப்படிச் சத்தம் போடாது!

கீழே பார்த்தாள். வேரிலிருந்து ஒரு செம்மண் கோடு, சாரைப்பாம்பு கனத்தில், தண்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் விரிசலுக்குள் கரையான்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஏய்! என்ன வேலை இது?" என்று கத்தினாள்.

"வெள்ளாச்சி மண்வேலைக் கம்பெனி வேலைங்க," என்றது ஒரு கரையான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆள் போற வழி."

"என் குஞ்சுங்க மேல இருக்கே!"

"இருக்கட்டுமே! நாங்க உள்ளதானே இருக்கோம்."

"மரம் இன்னும் எத்தனை நாளைக்கு நிக்கும்?"

கரையான் மீசையை ஆட்டி யோசித்தது. "காத்து அடிக்கலைன்னா ஏழு நாள். அடிச்சா அஞ்சு."

குஞ்சுகள் பறக்கப் பன்னிரண்டு நாள் வேண்டும்! மினுக்கி ஒரு தேக்கிலையைக் கவ்வினாள். அதில் அலகால் கொத்திக் கொத்தி மனு எழுதினாள். நேரே ராசாவிடம் பறந்தாள்.

அந்தக் காட்டுக்கு ராசா ஒரு கரடி. பெயர் சடையப்பர். புலி இருக்க, யானை இருக்க, கரடியை ஏன் ராசா ஆக்கினார்கள்? அதற்கு ஒரே காரணம்தான். கோடை பிறந்ததும் கரடி காடு முழுக்கச் சுற்றிவரும். உயிருள்ள மரத்தை அரிக்கும் புற்று எங்கே இருந்தாலும் நகத்தால் கிழிக்கும். மூக்கை நுழைத்து "ஃப்பூ!" என்று மண்ணை ஊதித் தள்ளும். பிறகு "ஸ்ர்ர்ர்ப்!" என்று ஓர் உறிஞ்சு. மூன்று மலைக்குக் கேட்கும்! இதற்குப் புற்றெடுப்பு என்று பெயர். புற்றெடுப்பு நடந்தவரை காட்டில் கரையானும் இருந்தது, மரமும் இருந்தது.

ஆனால் மூன்று கோடையாகப் புற்றெடுப்புச் சத்தத்தையே காணோம். "ராசா வெறுந்தரையில உட்காரலாமா?" என்று கரையான்கள் அவருக்கு ஓர் ஆசனம் கட்டிக் கொடுத்திருந்தன. அவ்வளவுதான் மினுக்கிக்குத் தெரியும்.

அந்த ஆசனத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். பார்த்ததும் சிறகடிக்க மறந்துபோய், இரண்டு முழம் கீழே இறங்கிவிட்டாள்!

மூன்று பனை உயரத்துக்கு ஒரு செம்மண் கோபுரம்! அதன் மேல் வெயில் விழுந்து தங்கம் மாதிரி மின்னியது. பக்கமெல்லாம் ஆயிரம் துளைகள். அடித்துளைகளில் குளிர்ந்த காற்று உள்ளே போனது. மேல்துளைகளில் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. கோபுரமே மூச்சு விட்டது! உள்ளே 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை, மழைக்கு முந்தைய மேகம் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"இத்தனையும் எள்ளளவு உருவங்கள் எச்சிலைக் குழைத்துக் கட்டியதா!" மினுக்கிக்கு மேனி சிலிர்த்தது. வயிற்றெரிச்சல்கூட ஒரு கணம் அடங்கிவிட்டது.

உச்சியில் சடையப்பர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் புற்றுக்காளான் குவியல். நகமெல்லாம் மழுங்கி உருண்டிருந்தது.

நடுவாசலில், உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புதின்னி, ஓர் அழுங்கு, எட்டிப் பார்த்தது. அதுதான் செதிலாண்டி. புற்றுகளைச் சோதிக்க ராசா வைத்த ஆய்வாளர்.

"அண்ணே! என் மரத்தை அரிக்கிறாங்க!" என்றாள் மினுக்கி.

"மெதுவா தங்கச்சி, மெதுவா! இப்ப மணி என்ன இருக்கும்? வெயில் உச்சிக்கு வந்துடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப நான் ஆய்வாளர். சொல்லு. வெயில் சாஞ்சதும் நான் கம்பெனி ஆலோசகர்."

"ரெண்டும் நீங்களேவா?"

"ஒரே அறைதான், அலைச்சல் மிச்சம்! காலையில நான் கேள்வி கேப்பேன். சாயங்காலம் நானே பதில் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒரு தகராறு வந்ததில்ல, பாத்துக்கோ! மனுவை ஆசனத்துக்கு அடியில வை. ஆவன செய்யப்படும்."

மினுக்கி இலையை வைத்தாள். அடியிலிருந்து பத்துக் கரையான்கள் வந்தன. கண்ணெதிரிலேயே மனுவைத் தின்றன. நரம்பு மட்டும்தான் மிச்சம்!

"அண்ணே, தின்னுட்டாங்களே!"

"பரிசீலனையில இருக்குன்னு அர்த்தம்," என்றார் செதிலாண்டி.

அப்போது சடையப்பர் தொண்டையைச் செருமினார். கோபுரத்தடியில் கூடியிருந்த மிருகங்கள் நிமிர்ந்து பார்த்தன.

"இதனால் சகல மிருகங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், மருதமரத்தை அரிப்பது... காட்டின் வளர்ச்சிக்கே... ம்ம்ம்."

மான்களும் முயல்களும் தலைவணங்கின. மினுக்கி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏதோ உறுத்தியது. ராசாவின் காதோரம் ஒரு துளை இருந்தது. பறந்துபோய் அதனருகே ஒட்டி உட்கார்ந்தாள்.

துளையின் அடியாழத்திலிருந்து மெல்லிய, நிதானமான ஒரு குரல் வந்தது. "கரைமரங்கள் அத்தனையும்... கம்பெனியின் பொறுப்பில்... ம்ம்ம்."

ஒரு மூச்சு கழித்து, மேலே ராசாவின் குரல் வந்தது. "கரைமரங்கள் அத்தனையும்... கம்பெனியின் பொறுப்பில்... ம்ம்ம்!"

அதே இடத்தில் நிறுத்தம். அதே பெருமூச்சு. மினுக்கிக்குப் புல்லரித்தது! குரலைத் திருடுகிறவர்கள் மூச்சையும் சேர்த்துத் திருட வேண்டும் என்பது அவள் தொழில் ரகசியம். அதை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. காட்டிலேயே பெரிய குரல்திருடன் நானில்லையா! ராசாவா! அதுவும் தான் திருடுவதே தெரியாமல்!

அடியில் பேசியது வெள்ளாச்சி, கரையான்களின் தலைவி. அவளை வெளியே யாரும் பார்த்ததில்லை.

மினுக்கிக்கு உடனே குறும்பு உதித்தது. மருதமரத்துக்குத் திரும்பினாள். மார்பை உப்பிக்கொண்டு, அசல் சடையப்பர் குரலில் முழங்கினாள்.

"டேய்! ராசா உத்தரவு! இந்த மரத்தை இப்பவே விட்டுட்டு ஓடுங்கடா!"

மண் கோடு அசையவே இல்லை. காலையில் பேசிய கரையான் தலையை நீட்டியது.

"ராசாவா? அவர் உங்களுக்குத்தானே ராசா!"

"உங்களுக்கும் இல்லையா?"

"எங்களுக்கு உத்தரவு வெள்ளாச்சி அம்மணிகிட்டேர்ந்து மண் வழியா அதிர்ந்து வரும். மேல காத்துல வர்றதெல்லாம் உங்க மனசு ஆறட்டும்னு." அது உள்ளே போய்விட்டது. போகும்போது, "குரல் வேஷம் நல்லா இருந்துச்சு!" என்றது.

மினுக்கி கிளையில் பொத்தென்று உட்கார்ந்தாள். ராசாவின் குரலே செல்லாக்காசு! இனி யார் குரலில் கத்துவது? மேலே மூன்று வாய்கள் பசியில் திறந்திருந்தன. கிளை லேசாக முனகியது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய சத்தம் ஞாபகம் வந்தது.

மறுபடி கோபுரத்துக்குப் பறந்தாள். ராசாவின் காதோரத் துளைக்குள் தலையை விட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"ஃப்பூ... ஸ்ர்ர்ர்ப்!"

'ம்ம்ம்' என்ற ஓசை சட்டென்று நின்றது. மூன்று பனை உயரமும் மூச்சை அடக்கிக்கொண்டது! பிறகு உள்ளே காவல் கரையான்கள் தலையைச் சுவரில் மோதி எச்சரிக்கும் சத்தம், காய்ந்த இலைமேல் ஆலங்கட்டி விழுவது மாதிரி படபடவென்று பரவியது.

மேலே சடையப்பர் நிமிர்ந்தார். அவர் மூக்கு துடித்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது.

"எவன்டா அவன்? என் காட்டுல எவன் புற்றெடுக்கிறான்?"

"ஃப்பூ... ஸ்ர்ர்ர்ப்!" என்றாள் மினுக்கி, இன்னும் ருசியாக.

"எனக்கு மட்டும் சப்புன்னு காளானா!" என்று உறுமி, ராசா ஆசனத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். மண் தெறித்தது. புற்றின் வாசனை குப்பென்று எழுந்தது.

அடியிலிருந்து அந்தக் குரல் பதறாமல் வந்தது. "ராசா, நிதானம். நீங்கள் தோண்டுவது எங்கள் வீட்டை மட்டும் இல்லை. உங்கள் ஆசனமும் அதுதான். ஒன்று சரிந்தால் இரண்டும் சரியும்... ம்ம்ம்."

மறுபடி ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. சடையப்பர் கீழே எட்டிப் பார்த்தார். மூன்று பனை உயரம்!

"ஒன்று சரிந்தால்... இரண்டும்..." என்று அவர் வாய் தானாகவே முணுமுணுக்கத் தொடங்கியது.

மினுக்கிக்கு உயிரே போய்விட்டது. கை புற்றின் மேல் இறங்கினால் குஞ்சுகள் பிழைக்கும். மடிக்கே திரும்பினால் முடிந்தது கதை! அவள் ராசாவின் காதுக்குள் அலகை வைத்தாள். இந்த முறை கத்தவில்லை. வயிறு நிறைந்த கரடி மர நிழலில் நாக்கைச் சப்புக்கொட்டுமே, அந்தச் சத்தத்தை மட்டும் மெல்லச் செய்தாள்.

"ப்ச்... ப்ச்... ஆஆ!"

கை இறங்கியது!

கோபுரம் இரண்டாகப் பிளந்தது. ராசா, காளான், செதிலாண்டி எல்லாம் ஒரே உருட்டாகத் தரைக்கு வந்தார்கள். புழுதி அடங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மிருகங்கள் வாய் பிளந்து நின்றன.

உள்ளே ஒரு நகரமே இருந்தது! அடுக்கடுக்காக அறைகள். மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளைக் காளான் தோட்டங்கள். வேர் வேராகப் பிரிந்து ஓடும் பாதைகள், காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்று. ஓர் அறை நிறைய, தின்று தீர்த்த மனுக்களின் நரம்புகள். எல்லாவற்றையும்விட அகலமான பாதை, நடு அறையிலிருந்து ராசாவின் காது இருந்த இடத்துக்கு நேராக ஏறியது.

நடு அறையில், ஒரு விரல் நீளத்தில், நகரக்கூட முடியாமல் வெள்ளாச்சி படுத்திருந்தாள்.

"இத்துனூண்டா!" என்றார் சடையப்பர். "இத்துனூண்டு உருவம் சொல்லியா நான் தலையாட்டினேன்?"

"உங்களைத் தூக்கி வைக்கத்தான் ராசா இவ்வளவு உயரம் கட்டினோம்," என்றாள் வெள்ளாச்சி. "எங்களுக்கு மட்டும்னா இடுப்பளவு போதும்."

ராசா மூக்கை நீட்டுவதற்குள், ஆயிரம் கரையான்கள் அவளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டன. கண் மூடித் திறப்பதற்குள் அறையே இல்லை! அதையும் காடு வாய்பிளந்து பார்த்தது.

புற்று உடைந்தால் வெளிவேலைக்குப் போன கரையான் எல்லாம் வீடு திரும்பி அடைக்க வேண்டும். அது அவர்கள் சட்டம். வெயில் சாய்வதற்குள் மருதமரத்தின் மண் கோடு காலியாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மூன்று குஞ்சுகளும் பறந்தன. மூன்றாவது குஞ்சு கிளையைவிட்டு எழும்பும்போதே மந்தி மாதிரி இருமியது! பதினான்காம் நாள் காற்று அடித்தது. உள்ளே பாதி வெறும் கூடாயிருந்த மருதமரம், பெருமூச்சோடு அல்லிக்குளத்தில் சாய்ந்தது.

சடையப்பர் மறுபடி தரையில் நடந்து புற்றெடுப்பு நடத்தினார். நகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையானது. ஒருநாள் களைத்துப்போய் ஒரு நிழலுக்கு வந்தார். அங்கே இடுப்பு உயரத்தில் புதுசாக ஒரு புற்று. மேலே தட்டையாக, பாசி விரித்து, இரண்டு காளானும் வைத்திருந்தது. பக்கத்தில் செதிலாண்டி.

"ஒண்ணுமில்ல ராசா. கால் வலிக்குமேன்னு சும்மா ஒரு முக்காலி!"

சடையப்பர் முக்காலியைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். மெல்லக் குனிந்து பாசியைத் தடவினார்.

மேலே ஒரு கிளையிலிருந்து, "ஃப்பூ... ஸ்ர்ர்ர்ப்!" என்று கேட்டது.

"உட்காரல! உட்காரல!" என்று துள்ளி நிமிர்ந்தார் ராசா. "மெத்துன்னு இருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான்!"

தான் அடக்க வேண்டியவர்கள் கட்டித்தந்த ஆசனத்தில் ஆள்கிறவர் ஏறி உட்கார்ந்துவிட்டால், உத்தரவு அவர் வாயிலிருந்து வந்தாலும் ஆட்சி நடப்பது ஆசனத்துக்கு அடியில்தான்.