சங்கத் தலைவருக்கு ஒரு பயிற்சிப் பாதை

மேலச்சுனைப்பட்டி நடைப்பயிற்சியாளர் சங்கத்தில் மொத்தம் பதினொரு பேர். எட்டு பேர் டீக்கடை வரைக்கும் நடப்பார்கள். மீதி மூன்று பேர் தலைவர் தவசி, செயலாளர் ஒச்சப்பன், பொருளாளர் மொக்கராசு. இவர்களுக்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவே பொழுது சரியாக இருக்கும். பாவம், நடப்பதற்கு எங்கே போவார்கள்?

அப்படி நிம்மதியாக இருந்த தவசிக்கு ஆண்டு விழாவில் வாயில் சனி உட்கார்ந்தது. எதிர்க்கோஷ்டி இருளப்பன் எழுந்து, "நடக்காத தலைவர் நமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். தவசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூத்துக்குடியில் நடக்கும் டிரையத்லான் பந்தயத்தில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்துச் சான்றிதழோடு வருகிறேன், இல்லாவிட்டால் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கிவிடுகிறேன் என்று அறிவித்தார். எப்போதும் மக்கர் பண்ணுகிற மைக் அன்றைக்குப் பார்த்து நன்றாக வேலை செய்தது.

ஒன்பது வருடமாக உட்கார்ந்த நாற்காலி அது. அது போனால் வீட்டு நாற்காலிதான் கதி. அதில் எந்த நேரமும் மடிக்காத துணி கிடக்கும்.

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே மூவரும் தூத்துக்குடியில் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் எழுதிக்கொடுத்த காகிதம் ஒச்சப்பன் கையில் இருந்தது. முதல் வரி, 'உள்ளூர்க்காரரைக் கேட்டுப் பாதை பிடிக்கவும்.'

கடற்கரையில் படகுக்காரர் இஞ்ஞாசி அகப்பட்டார்.

"அண்ணாச்சி, முக்கால் கிலோமீட்டர் நீந்துறதுக்கு நல்ல பாதை வேணும்" என்றார் ஒச்சப்பன்.

"கடல்ல என்னவே பாதை? எறங்கி நேரா நீந்த வேண்டியதுதான்."

"நேராப் போனா எங்க போய்ச் சேரும்?"

"போய்க்கிட்டே இருந்தா இலங்கை வரும்."

மூவரும் ஒதுங்கி அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"தலைவர்கிட்ட பாஸ்போர்ட் இல்லையே" என்றார் மொக்கராசு.

"இனிமே விண்ணப்பிச்சா மூணு வாரம் ஆகும். விசாரிக்க போலீஸ் வர்றப்ப தலைவர் வீட்டுல வேற இருக்கணும்" என்றார் ஒச்சப்பன்.

தவசியின் கவலையோ வேறு. அவர் நீச்சல் பழகியதெல்லாம் மொக்கராசு தோட்டத்து வட்டக் கிணற்றில். இருபத்தாறு சுற்று சுற்றினால் முக்கால் கிலோமீட்டர். "கடலுக்குச் சுவரே இல்லையேப்பா. எங்கன திரும்புறது?" என்று கேட்டார்.

கடைசியில் இஞ்ஞாசியின் படகைக் கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி, அதைச் சுற்றி நீந்துவது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. தவசி இருபத்தாறு சுற்றும் முடித்தார். கரையில் நின்று எண்ணிய ஒச்சப்பனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"முப்பது வருசமா கடலுக்குப் போறேன். என்னைய ஒரு மீன்கூட இப்படிச் சுத்துனதில்ல" என்றார் இஞ்ஞாசி.

அடுத்த வரி, 'சைக்கிளுக்கு வண்டி வராத சாலையாகத் தேர்ந்தெடுக்கவும்.' இரண்டு நாள் தெருத் தெருவாக அலைந்தார்கள். எங்கே பார்த்தாலும் உப்பு லாரி. மூன்றாம் நாள்தான் அந்தச் சாலை கண்ணில் பட்டது. ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. யாரும் வரக் கூடாது என்று குறுக்கே டிரம் வேறு வைத்திருந்தது. சாலை கருகருவென்று மினுமினுத்தது.

"இம்புட்டு நல்ல ரோட்டை விட்டுட்டு எல்லாரும் எங்கயோ போறாங்களே" என்று மொக்கராசு ஊர்க்காரர்களுக்காக வருத்தப்பட்டார்.

தவசி டிரம்மைச் சுற்றிப் போய் சைக்கிளை மிதித்தார். முப்பது அடியில் சைக்கிள் தானாக நின்றது. அவர் இறங்கிய பிறகும் சாயாமல் நின்றது. ஸ்டாண்டே தேவைப்படாத சாலை என்று ஒச்சப்பன் குறித்துக்கொண்டார். தவசி ஓரடி எடுத்து வைத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. தார் ரோலர் டிரைவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் சொன்னதை எழுதினால் நன்றாக இருக்காது.

தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுப்பதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போதுதான் ஒச்சப்பன் கடைசி வரியைப் படித்தார். 'முழுத் தூரத்தையும் ஒரு தடவையாவது பயிற்சி செய்யாமல் பந்தயத்தில் இறங்கக் கூடாது.'

"போச்சுய்யா நாற்காலி" என்று தவசி தலையில் கை வைத்தார்.

ஒச்சப்பன் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். "பதறாதீங்க தலைவரே. ஆறு மணிக்குச் சிறப்பு விருந்தினர் கொடியசைச்சுத் துவக்கி வைப்பார்னு போட்டிருக்கு. விருந்தினர் வர்ற விழா எதாச்சும் சொன்ன நேரத்துக்குத் துவங்கியிருக்கா?"

"நம்ம விழாவுல ஆறுன்னா ஒம்போது" என்றார் மொக்கராசு.

"பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிய பத்து. காலையில முழுப் பயிற்சி, பத்து மணிக்குப் பந்தயம்."

மொக்கராசு வழிமொழிந்தார்.

மறுநாள் அந்த விருந்தினர் என்ன கெட்ட பழக்கமோ, சொன்ன நேரத்துக்கு வந்து, ஆறு மணிக்குக் கொடியசைத்து, ஆறு ஐந்துக்குப் போயும் விட்டார். நம் ஆட்கள் ஆறு பத்துக்கு வந்தார்கள். கடற்கரையில் ஒரே கூட்டம். வரிசை வரிசையாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, நம்மள மாதிரியே பயிற்சிக்கு வந்திருக்காங்க" என்றார் ஒச்சப்பன்.

பெயர் பதிந்தபோதே கையில் எண் எழுதப்பட்டிருந்த தவசியை யாரோ இழுத்துப்போய்க் கடைசி வரிசையில் நிறுத்தி, விசில் ஊதினார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவர் மாதிரி நெருக்கிக்கொண்டு நீந்தியதில் அவரால் திரும்பவே முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேராக நீந்தினார்.

கரையேறி சைக்கிளில் உட்கார்ந்தால், ஆகா, இருபது கிலோமீட்டருக்கும் போலீஸ்காரர்கள் லாரிகளை மறித்து நின்றார்கள். ஓடும்போது வழியெல்லாம் வாழைப்பழம், தண்ணீர், கைதட்டல். தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. பயிற்சிக்கே இவ்வளவு செய்கிறவர்கள் பந்தயத்துக்கு என்னதான் செய்ய மாட்டார்கள்!

கடைசி ஆளாக அவர் வந்துகொண்டிருந்தார். எதிரே பந்தயம் முடிகிற இடத்தில் பெரிய அலங்கார வளைவு. கடைசியாக வருகிறவர் மனமும் குளிரட்டும் என்று இரண்டு பேர் குறுக்கே சிவப்பு ரிப்பன் பிடித்திருந்தார்கள். இன்னும் பத்தடிதான். திடீரென்று ஒச்சப்பன் கூட்டத்திலிருந்து பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"நில்லுங்க தலைவரே! விருந்தினர் வந்து வெட்ட வேண்டிய ரிப்பன். நீங்க போய் நெஞ்சால அறுத்துட்டா மரியாதையா இருக்குமா?"

தவசி சட்டென்று நின்றார். விழா மரியாதை அவருக்குத் தெரியாததா?

"வாங்க சார், வாங்க!" என்று ரிப்பன் பிடித்தவர்கள் கூப்பிட்டார்கள்.

"விருந்தினர் வரட்டும்ப்பா" என்று தவசி கும்பிட்டுவிட்டு முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரிப்பன்காரர்கள் கை கடுத்துப்போய் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பந்தல்காரர்கள் வந்து நாற்காலிகளை அடுக்கினார்கள். இவர்கள் உட்கார்ந்திருந்த மூன்றுதான் பாக்கி. ஒச்சப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சிறப்பு விருந்தினர் வராததால் பந்தயம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டதாக இக்கூட்டம் கருதுகிறது. பந்தயம் நடக்கும் வரை தவசியே தலைவராக நீடிப்பார்."

மொக்கராசு வழிமொழிந்தார். தவசி அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பந்தல்காரர் அவருடைய நாற்காலியை உருவியதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

வளைவைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். மொக்கராசு பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தவசி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கப்பா போற? இன்னும் திறக்கல!"

மூவரும் மீன் மார்க்கெட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் வந்து பஸ் ஏறினார்கள்.