பத்தர் சலித்த மண்

"நாலு விதையும் செத்துப்போச்சும்மா" என்றார் காளத்தி பத்தர்.

வைத்தியர் பூவாயி மருந்து அரைப்பதை நிறுத்தவில்லை.

"எதுல விதைச்சீங்க?"

"மண்ணுலதான்."

"எந்த மண்ணுல?"

"சுத்தமான மண்ணுல" என்றார் பத்தர். அத்தனை துக்கத்திலும் அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு.

இருக்காதா பின்னே! ஐம்பது வயது வரை தங்கத்தைத் தவிர வேறெதையும் உருப்படியாகத் தொட்டதில்லை. வீட்டுப் பின்னால் ஒரு கீரைப்பாத்திகூடப் போட்டதில்லை. அவரைப் பிடித்து, கஞ்சாச் செடி வளர்த்துக் கொண்டுவா என்றால், பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

ஆனால் செய்தாக வேண்டியிருந்தது.

அவர் தம்பி சடையப்பன் கோபுரக் கலசத்துக்குப் பொன்தகடு போர்த்தும்போது சாரம் முறிந்து கீழே விழுந்தவன். இடுப்பெலும்பு கூடிவிட்டது. வலிதான் போகவில்லை. தூக்கமில்லை, வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. அவன் போடும் கூச்சலில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. இப்போதெல்லாம், "அண்ணே, என்னைக் கொன்னுடு" என்று கேட்க ஆரம்பித்திருந்தான்.

அந்த வலிக்குப் பூவாயியிடம் ஒரு லேகியம் இருந்தது. அதில் சேரவேண்டிய கஞ்சாப் பூ மட்டும் இல்லை. போன வருஷத்து அடைமழையில் எல்லா வைத்தியர் வீட்டுப் பானையிலும் பூ பூசணம் பிடித்துப் போயிருந்தது.

செடி வளர்க்கப் பூவாயி அரசனிடம் முத்திரை ஓலை வாங்கினாள். பத்தரிடம் ஏழு விதையைக் கொடுத்தாள்.

"நீங்களே போட்டா நல்லா வருமேம்மா!"

"என் வீடு பாறைமேல இருக்கு. தம்பியும் உங்களுக்குத்தானே தம்பி?"

அன்றிலிருந்து, தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான அந்த அம்மாளுக்குப் பத்தர் சீடர்.

சீடர் மண்ணைச் சுத்தம் பண்ணினார். காட்டு மண்ணைக் கொண்டுவந்து காயப்போட்டார். இடித்தார். மூன்று தடவை சலித்தார். நாலாம் தடவை மெல்லிய துணியில் சலித்தார். மக்கின இலை, சாணித் தூசு, வெள்ளை வெள்ளையாய்ப் பூசண நூல், ஒன்றையும் விடவில்லை. மண்புழுவை மட்டும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார். பாவம் பார்த்துத்தான்.

மிஞ்சியது பட்டுப்போன்ற பொடி. அதில் நாலு விதை போட்டார். இரண்டு விரல் உயரம் வந்தது. மஞ்சளாச்சு. செத்தது.

பூவாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, பாக்கலாம்."

பத்தர் வீட்டுக் கொல்லைக்கு வந்ததும் அந்தப் பொடியில் ஒரு பிடி எடுத்தாள். தண்ணீர் தெளித்து உருட்டி வெயிலில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பத்தர் கையில் கொடுத்தாள். கூழாங்கல் மாதிரி இறுகியிருந்தது.

"சலிச்சுக் கழிச்சதை எங்க கொட்டுனீங்க?"

பத்தர் சுவருக்கு அந்தப் பக்கம் காட்டினார். அங்கே அந்தக் குப்பைமேட்டில் யாரும் போடாத பூசணிக்கொடி ஒன்று ஜம்மென்று படர்ந்து கிடந்தது.

"மிச்ச விதையைக் குடுங்க."

பத்தர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து மூன்று விதையை எடுத்துக் கொடுத்தார். பூவாயி கொடியை ஒதுக்கிவிட்டு, குப்பையில் விரலால் மூன்று குழி போட்டாள். மூன்றையும் உள்ளே போட்டு மூடினாள்.

"ஐயையோ, அது அழுக்கும்மா!"

அவள் கிளறி ஒரு மண்புழுவை எடுத்தாள். பத்தர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சந்தேகம் இருந்தா இவரைக் கேட்டுக்குங்க."

போயே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மூன்றும் முளைத்தன. பத்தர் அவளிடம் ஓட்டமாய் ஓடினார்.

"வந்திருச்சும்மா! இப்ப அதுக்கு என்ன குடுக்கணும்?"

"வாரம் ஒருக்கா சாணித் தண்ணி, நல்லாக் கரைச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க அவசரத்தைக் குடுக்காதீங்க."

செடிகள் வளர்ந்தன. அதிலும் நடுச்செடி இருக்கிறதே, அடேயப்பா! ஆவணியில் இடுப்பளவு, புரட்டாசியில் ஆள் உயரம். மற்ற இரண்டும் அதன் இரு பக்கமும் குட்டையாய், படர்ந்து, சோம்பேறிகள் மாதிரி நின்றன. பத்தர் நடுச்செடிக்கு 'ராசா' என்று பெயர் வைத்தார். மூங்கில் நட்டு மஞ்சள் கயிற்றால் கட்டிவிட்டார். தம்பியின் கட்டிலைச் சுவருக்கு அந்தப் பக்கமே கொண்டுவந்து போட்டு, "பாருடா, உன் மருந்து எப்படி நிக்குதுன்னு!" என்றார்.

"அது மருந்தாகுறதுக்குள்ள நான் போயிருவேண்ணே" என்றான் சடையப்பன். பத்தர் மஞ்சள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

ஐப்பசியில் பூவாயி வந்தாள். மூன்று செடியையும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மூணுல ஒண்ணு ஆண் செடி. அதோட மொட்டு வெடிச்சு மாவு பறந்தா மத்ததெல்லாம் விதை புடிச்சிரும். பூவுல மருந்து நிக்காது. இன்னைக்கே புடுங்கிருங்க."

"எதும்மா ஆண்?"

"தங்கத்துல குன்றிமணி அளவு செம்பு இருந்தாலும் கண்டுபிடிக்கிறவரு. என்னையக் கேக்குறீங்க!"

"தப்பாப் புடுங்கிட்டேன்னா?"

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"அடுத்த வருசம் வரைக்கும் தம்பி கத்துவாரு."

பத்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளெல்லாம் ஒரு குருவா! இவ்வளவு தூரம் வந்தவள் ஒரு விரலை நீட்டிக் காட்டினால் குறைந்தா போய்விடுவாள்?

திட்டி முடித்துவிட்டுச் செடிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கல் பதிக்கும்போது செய்வதுபோல ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டார்.

முதல் குட்டைச் செடி. இலைக்கணுவில் அரிசி முனை அளவு ஒரு மொட்டு. அதிலிருந்து முடி போல இரண்டு வெள்ளை நூல்.

இரண்டாம் குட்டைச் செடி. அதே வெள்ளை நூல்.

ராசா. நூல் இல்லை. கணுவுக்குக் கணு, கொலுசு மணி மாதிரி, சின்னச் சின்ன உருண்டைகள் கொத்தாய்த் தொங்கின. அடியில் ஒன்று வாய்பிளக்கத் தயாராய் இருந்தது.



மறுபடி பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இருபது கணு பார்த்தார். அந்தக் கண் முப்பது வருஷமாய் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. சொந்த மாமியார் ஆசை ஆசையாய்க் கொண்டுவந்த காசுமாலையையே, "இதுல பாதி செம்பு அத்தை" என்று சபையில் சொன்ன கண் அது.

"ஏண்ணே அழுவுற?" என்று கட்டிலிலிருந்து கேட்டான் சடையப்பன்.

"ஒண்ணுமில்லடா."

மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு கையாலும் அடித்தண்டைப் பிடித்தார். ஒரே இழுவை. ராசா வேரோடும் மண்ணோடும் வந்துவிட்டது.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு பூவாயி வீட்டுக்கு நடந்தார். அவள் ஒரு கணுவைத் திருப்பிப் பார்த்தாள்.

"எருக்குழியில போட்டுருங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் சிரித்ததைப் பத்தர் பார்த்துவிட்டார்.

கார்த்திகையில் அந்த இரண்டு சோம்பேறிகளும் பூத்தன பாருங்கள், இலை தெரியவில்லை! கிளைகள் கனம் தாங்காமல் தரையில் சாய்ந்தன. தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. வாசம் நாலு தெரு தாண்டியது. மோப்பம் பிடித்து வந்த ஊர்க்காவலன் முத்திரை ஓலையைப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான்.

பூவை நிழலில் உலர்த்தினார்கள். பூவாயி பத்தர் வீட்டு அடுப்பிலேயே லேகியம் கிண்டினாள். ஒருநாள் காலையில் சடையப்பன் நாக்கில் தடவினாள்.

பத்தர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியது. கூச்சல் இல்லை. உச்சிப்பொழுது ஆனது. முனகல்கூட இல்லை. பத்தர் பதறிப்போய்த் தம்பி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

குறட்டை!

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. கூச்சல் நின்றுபோனதால் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தெருப் பெண்கள் தலையை விரித்துப் போட்டு அழுவதற்குத் தயாராய் வந்து நின்றார்கள்.

"தூங்குறான்! சத்தம் போடாதீங்க! என் தம்பி தூங்குறான்!" என்று பத்தர் தெருவே அதிரக் கத்தினார். ஒப்பாரி வைக்க வந்த ஒருத்தி அங்கேயே குலவையிட்டாள். பத்தர் ஆடினார். அந்தத் தொந்தியோடு ஆடினார்.

வெயில் சாய்ந்தபிறகு சடையப்பன் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே."

"சொல்லுடா! வலிக்குதா?"

"இருக்கு. எங்கயோ தூரத்துல இருக்கு." வயிற்றைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, பசிக்குது."

பத்தருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். லேகியப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த குருவிடம் ஓடினார்.

"அம்மா! பசிக்குதுங்கிறான்! தம்பி பசிக்குதுங்கிறான்! நான் இப்ப என்ன செய்யணும்?"

பூவாயி பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"யோவ், இதுக்கும் ஒரு குருவா? போய்ச் சோத்தைப் போடுய்யா!"