அதிகம் கேட்டவர் யார்?

இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வர் அன்று திணறியது. பாதிப் பேருக்குப் பதிலே போகவில்லை.

"எவனோ தாக்குகிறான்! பத்து நிமிஷத்தில் பிடி, இல்லையென்றால் வேலையை மறந்துவிடு" என்று ஒப்பந்த ஊழியை மரியபுஷ்பத்திடம் சீறினார் மேலாளர் நடேசபாண்டியன்.

புஷ்பம் சர்வரின் பதிவுகளைப் பார்த்தாள். ஒரே கணினி முகவரியிலிருந்து நொடிக்கு ஐயாயிரம் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. அந்த முகவரி யாருடையது என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஆள் கிடைத்துவிட்டான் சார். தடுப்பதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும்."

'யாராயிருந்தாலும் தடு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

தடுத்தாள். சர்வர் உடனே தெளிந்தது. மேலாளர் அறைச் சுவரில், சர்வரின் நலத்தை ஓயாமல் விசாரிக்க அவரே மாட்டிய ராட்சதத் திரை அணைந்தது.

"ஐயோ, என் திரை!"

"அவன்தான் சார். மன்னிப்பதென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்."

பேனாவைத் திறந்தவர் மூடிக்கொண்டார். புஷ்பத்தின் வேலையைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.