வீட்டுக்கே திரும்பிய விலாசம்

தணிகாசலம் தன் குருவைவிட வயதில் மூத்தவர். குரு மெஹருன்னிசா, குடியாத்தத்தில் மாலை நேரங்களில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருபவர். அவர் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்கிற ஒரே சீடர் தணிகாசலம்தான். அந்த மனிதரிடம் இருந்த கோளாறே அதுதான்.

"டீச்சர், உடனே வீட்டுக்கு வாங்க," என்று போன் செய்தார்.

போய்ப் பார்த்தால், கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் மகள் ஜெயப்பிரியா. அம்மா இறந்ததிலிருந்து அவள் அதிகம் வெளியே வருவதில்லை.

"நான் வேலைக்குப் போனதும் இதுல எவன்கிட்டயோ பேசுறா டீச்சர். இந்த வீட்ல இருக்க முடியலைன்னு எழுதியிருக்கா. கிளம்பி வந்துடுங்கிறான் அவன்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அவ போனைப் பிடுங்கிட்டேன். இதுல நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே அடைச்சேன்."

திரையைக் காட்டினார். தடுக்க வேண்டிய தளங்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அதே எண்: 127.0.0.1.

"ஒண்ணை அடைச்சா இன்னொண்ணுல போறா. எங்கயுமே போக முடியாம அடைச்சுக் கொடுங்க டீச்சர்."

உள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, கொஞ்சம் வாப்பா."

"இரும்மா, வேலையா இருக்கேன்." அவர் திரும்பவில்லை.

மெஹருன்னிசா கதவைப் பார்த்தார். பிறகு அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்க இருக்கிற விலாசம் சார்?"

"போலீஸ் கம்ப்யூட்டர்தானே? கெட்டதை எல்லாம் அங்கதானே அனுப்புறோம்?"

இத்தனை நாளும் போலீசுக்குப் பிடித்துக் கொடுப்பதாகவே மனிதர் நினைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"அடைச்சதுல ஒண்ணைத் திறந்து பாருங்க."

திறந்தார். இணைக்க முடியவில்லை என்று வந்தது.

"அப்பா..." மறுபடியும் உள்ளிருந்து குரல்.

"இருன்னா கேக்க மாட்டியா? உனக்காகத்தானே உட்கார்ந்திருக்கேன்!"

அதற்குப் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

"சார், அது போலீஸ் இல்ல. இந்தக் கம்ப்யூட்டரோட சொந்த விலாசம். வெளிய போற அழைப்பை வீட்டுக்கே திருப்பி விடும்."

"வீட்டுக்கேவா? வீட்டுக்கு வந்தா நல்லதுதானே. அப்புறம் ஏன் முடியலைன்னு சொல்லுது?"

"வந்து கூப்பிட்டா, எடுக்க இங்க யாரும் இல்ல."

தணிகாசலம் திரையையே வெறித்தார். "அதை எப்படி டீச்சர் சரி பண்றது?"

மெஹருன்னிசா கையை நீட்டித் திரையை அணைத்தார்.

"உங்க பொண்ணு ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு சார். மூணாவது தடவை கூப்பிடுவாளான்னு எனக்குத் தெரியாது."