குளத்துக்குப் போன மாத்திரைகள்

உமையாள் அம்மையின் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே யாராவது காலமானால், அவர் கட்டிய வேட்டி, விபூதிப் பை, மிச்சமிருக்கும் மருந்து எல்லாவற்றையும் மடத்துக் குளத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பு வைரவனுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர், நெஞ்சு நோய்க்காரர். சீடர்தான் என்றாலும் அம்மையைவிட வயதில் மிகவும் மூத்தவர்.

மடத்துச் சமையல்காரர் இறந்தபோதும் அப்படித்தான். நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய மிஞ்சியிருந்தன. வைரவன் ஒவ்வொன்றாகப் பிரித்து, தேவாரம் பாடித் தண்ணீரில் விட்டார். பக்திக்குக் குறைவில்லை, யோசனைதான் கொஞ்சம் குறைவு.

பிறகு பேப்பரில் ஒரு செய்தி படித்தார். அந்த மாதிரி மருந்து தண்ணீரில் கலந்தால் மீனின் நெஞ்சுத் துடிப்பும் தளரக்கூடுமாம். நாம் விழுங்குவதிலும் ஒரு பங்கு உடம்பு வழியாக வெளியேறி நீரில்தான் சேருமாம். வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை. பொரி போட்டால் காலடிக்கே வரும் கெண்டைகள் அவர் கண்ணிலேயே நின்றன. அவர் தினமும் போடுவதும் அதே மாத்திரைதான். யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் காலை, பூக்கூடையைத் தூக்க முடியாமல் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மை வந்து பக்கத்தில் அமர்ந்து, மருந்து போட்டீர்களா என்று விசாரித்தார். வைரவன் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"என் நெஞ்சு ஓடணும்னு இதுங்க நெஞ்சு நிக்கலாமா அம்மா?"

அம்மை பொரியை அள்ளித் தண்ணீரில் போட்டார். கெண்டைகள் முன்போலவே முண்டியடித்துக்கொண்டு வந்தன. வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்தின மாத்திரையெல்லாம் எங்கே அய்யா?"

"என் பெட்டியில கிடக்கு."

"நிறையவா?"

"ஒரு டப்பா தேறும்."

"நீங்க கண்ணை மூடிட்டா அந்த டப்பா எங்கே போகும்?"

வைரவன் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம் அவருக்குத் தெரியாததா?

அம்மை உள்ளே போய் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"விழுங்கினாலும் இங்கேதானே வரும் அம்மா?"

"வரும். நம்ம கக்கூஸ் தண்ணி கசிஞ்சு இந்தப் பக்கம்தான் இறங்குது. அதைத் திருப்பணும். மிச்ச மருந்தை ஆஸ்பத்திரிக் கழிவோட எரிக்கக் கொடுக்கணும். நான் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, நான் அந்தப் பக்கம் போனதும் பழையபடி குளத்துல போடுவாங்க. இந்த மீனுங்களுக்காக மல்லுக்கு நிக்க மடத்துல ஒரே ஆள்தான் இருக்கார்."

தம்ளரை அவர் கையில் வைத்தார்.

"அவர் நெஞ்சு நல்லா இருக்கணும்."