வண்டி இல்லாத சத்தம்

“பேரிங்கா, டயரா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார் வந்தவர்.

சுகந்தி ஜாக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வண்டி எங்கீங்ணா?”

“வண்டி இல்லீங்க.”

“சத்தம்?”

“அது இருக்குது.”

சுகந்தி இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மேஸ்திரிகிட்டத்தான் விவரமா பேசணும் அம்மணி. எப்ப வருவாரு?”

“பேசிட்டுத்தான் இருக்கீங்க.”

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கோத்தகிரி ரோட்டில் மலை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. தூரத்தில் ஒரு வண்டி வரும்போதே எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று சுகந்தி சொல்லிவிடுவார் என டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அவருக்கு முப்பத்தேழு வயது. வந்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். பெயர் நாச்சிமுத்து என்றார். அன்னூர்ப் பக்கம்.

“இதுக்கு முன்னாடி யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?”

“பதினோரு பட்டறைங்க. ஆறு பேரு டயருன்னாங்க. அஞ்சு பேரு பேரிங்குன்னாங்க.”

“அப்ப டயர் ஜெயிச்சிருச்சே. வீட்டுக்குப் போக வேண்டியதுதான?”

நாச்சிமுத்து போகவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்.

“சரி, போட்டுக் காட்டுங்க” என்றார் சுகந்தி.

“எதைங்க?”

“சத்தத்தைத்தான். வாயால.”

பட்டறையில் அது வழக்கம்தான். வண்டியைக் கொண்டுவர முடியாதவர்கள் போனிலேயே போட்டுக் காட்டுவார்கள். கடகட. கிரீச். டொக் டொக். பெரிய மனிதர்கள்கூட வெட்கப்படுவதில்லை.

நாச்சிமுத்து சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். உதடுகளை மூடிக்கொண்டார்.

“ம்ம்ம்ம்ம்ம்ம்ம்...”

வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒரே சீராக, கனமாக, உள்ளே எதையோ அரைப்பதுபோல.

மட்கார்டு தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சலீம் சுத்தியலை நிறுத்தினார்.

“அக்கா, சார் ஸ்டார்ட் ஆயிட்டாரு. கியரைப் போட்டுப் பாருங்க.”

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. சத்தம் முடியும்வரை கேட்டார். அதில் பிசிறே இல்லை.

“எத்தனை நாளா இதைப் போட்டுப் பார்க்கறீங்க?”

“ரெண்டு வருஷமுங்க.”

சலீம் சுத்தியலை எடுத்தார். தட்டாமல் கீழே வைத்தார்.

“எங்க ஆச்சு?”

நாச்சிமுத்து மோவாயால் மலையைக் காட்டினார்.

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு ஜீப் சாவியை நீட்டினார்.

“நான் ஓட்டறதை விட்டுட்டேனுங்க மேஸ்திரி. நீங்களே ஓட்டுங்க.”

“சத்தம் உங்ககிட்ட இருக்குது. நான் எப்படி ஓட்டறது?”

*

ஏறும்போது அவர் பேசினார். சுகந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோத்தகிரியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் மனைவி வசந்தாமணி. பின்சீட்டில் மகள் அபிநயா. ஒரு வளைவில் முன்சக்கரம் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வண்டி போய் மரத்தில் சாய்ந்தது. இடது பக்கம் மட்டும் நசுங்கியது.

“எனக்கு முழங்கையில சிராய்ப்பு” என்றார். “அவ்வளவுதானுங்க.”

“வண்டி?”

“போலீசுல டயர் வெடிச்சு விபத்துன்னு எழுதினாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு நான் போய்ப் பார்க்கறதுக்குள்ள மச்சான் காயலான் கடைக்குத் தள்ளிட்டாரு. என் கண்ணுல படக்கூடாதுன்னு. நல்ல மனசு.”

இரண்டாவது கியரில் ஜீப் முனகிக்கொண்டே ஏறியது.

“டயருன்னு போலீசே எழுதிக் குடுத்தாச்சு. அப்புறம் எதுக்கு பதினோரு பட்டறை?”

“பாப்பாவுக்குச் சொல்லணுமுங்க.”

“பாப்பா எங்க?”

“பெருந்துறையில நர்சிங் படிக்குது. ஹாஸ்டல். லீவுக்கும் வர்றதில்லை.”

“என்ன சொல்லணும்?”

நாச்சிமுத்து ஒரு வளைவைத் திரும்பி முடித்தார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கு அது காதுல ஹெட்செட் போட்டிருந்துச்சு. பதினாறாம் நாள் எங்கிட்ட வந்து நின்னுச்சு. ‘நான் ஹெட்செட் போடாம இருந்திருந்தா ஏதாச்சும் காதுல விழுந்திருக்கும், சொல்லியிருப்பேன், அம்மா இருந்திருப்பாங்க. உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சாப்பா?’ அப்படின்னுச்சு.”

“நீங்க?”

“அது என்ன சத்தம்னு விசாரிச்சுச் சொல்றேன் கண்ணுன்னேன்.”

“விசாரிச்சுட்டே இருக்கீங்க.”

“ஆமாங்க.”

“பாப்பா?”

“ராத்திரியில தூங்கறதில்லையாம். காதைக் காதைப் பொத்திக்குமாம். கூடத் தங்கியிருக்கற பொண்ணு போன் பண்ணிச் சொல்லுச்சு. போன மாசம் மொட்டை மாடியில கைப்பிடிச் சுவரோரமா நின்னுட்டிருந்துச்சாம். கூட்டிட்டு வந்து படுக்க வெச்சாங்களாம்.”

நாச்சிமுத்து கியரை மாற்றினார்.

“டயருன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா கொண்டுபோய்க் காட்டிருவேன் மேஸ்திரி. டயர் திடீருன்னு வெடிக்கறதுதான? யாருக்கும் முன்னாடியே தெரியாது. பாப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“உங்களுக்கும்.”



சோதனைச்சாவடியைத் தாண்டினார்கள். குரங்குகள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்தன.

“என்ன வேலை பார்க்கறீங்கண்ணா?” என்று கேட்டார் சுகந்தி. வேறு பேச்சுக்கு மாறுவதுபோல இருந்தது.

“ஸ்பின்னிங் மில்லுங்க. மெயின்டனன்ஸ். முப்பத்தோரு வருஷம்.”

“ஒரு மெஷின்ல நூல் சுத்தற ஸ்பிண்டில் எத்தனை?”

“ஆயிரத்துக்கு மேலங்க.”

“அத்தனையும் ஒண்ணா ஓடுமே. அதுல ஒரே ஒரு பேரிங் போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“அதுக்கெதுக்குங்க கண்டுபிடிக்கறது? சும்மா நடந்து போனாலே காதுல...”

நாச்சிமுத்து நிறுத்திக்கொண்டார்.



*

ஒரு டீக்கடை முன்னால் ஜீப்பைத் திருப்பினார்கள்.

“இங்கிருந்து போடுங்க” என்றார் சுகந்தி. “அன்னைக்குக் கேட்ட மாதிரியே. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“ம்ம்ம்ம்ம்ம்ம்ம்...”

இறங்கினார்கள். எதிரே வந்த டெம்போக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தன் சக்கரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு பாலம் வந்தது. அதுவரை தார். பாலத்தின் மேல் சிமெண்ட்.

டயர் சத்தமாக இருந்தால் தாரிலிருந்து சிமெண்டுக்கு ஏறும்போது குரல் மாறும். பதினோரு பட்டறையிலும் அவருக்கு இதைச் சொல்லியிருந்தார்கள். நாச்சிமுத்துவும் மாற்றிப் பார்த்தார். தொண்டையை இறுக்கினார். மூக்கால் போட்டுப் பார்த்தார்.

மாறவில்லை. அதே சத்தம்தான் வந்தது.

பாலம் முடிந்தது.

“மேஸ்திரி...”

“ஓட்டுங்க.”

ஒரு வளைவு இடது பக்கம் திரும்பியது. சத்தம் கொஞ்சம் தணிந்தது. அடுத்தது வலது பக்கம். வண்டியின் பாரமெல்லாம் இடது சக்கரத்தில் போய் உட்காரும் வளைவு. சத்தம் ஏறியது. அவர் ஏற்றவில்லை. அது தானாக ஏறியது. நெஞ்சு அதிர்ந்தது.

இன்னொரு இடது. தணிந்தது.

இன்னொரு வலது. ஏறியது.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் நடுங்கவே இல்லை.

“இடது முன்சக்கரம்” என்றார் மூச்சு வாங்கியபடி. “பேரிங்.”

“உங்களை நான் எதுவும் கேட்கலை. போட்டுட்டே வாங்க.”

நாலு வளைவு போயிற்று. ஐந்தாவது, வலது பக்கம் திரும்பும் நீளமான வளைவு. அதற்கு நூறடி முன்னால் நாச்சிமுத்து சட்டென்று நிறுத்தினார். ஜீப்பை அல்ல. சத்தத்தை.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“இங்க சத்தம் வரலீங்க.”

“போன பேரிங் தானா வாயை மூடிக்குமா?”

“தெரியலீங்க. இங்கிருந்து எனக்குக் கேட்கலை. சத்தியமா கேட்கலை.”

சொல்லும்போதே அவருடைய இடது கை கியரிலிருந்து எழுந்தது. முன்னால் போனது. அந்தப் பழைய ஜீப்பில் அங்கே ஒன்றுமில்லை. வெறும் தகரம். தகரத்தின் மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. எதையோ பிடித்தன. வலது பக்கமாகத் திருகின.

இன்னொரு முறை திருகின.

சுகந்தி அந்தக் கையைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவும் பார்த்தார்.

ஜீப் ஓரத்தில் நின்றது.

நாச்சிமுத்து பேசினார். சுகந்தியிடம் பேசியதுபோல இல்லை.

“என்னங்க இப்படிச் சத்தம் வருதுன்னு வசந்தா கேட்டா. ஒண்ணுமில்லைன்னேன். ஒரு வாரமா வந்துட்டிருந்துச்சு. கல்யாணம் முடியட்டும், திங்கட்கிழமை கழட்டிக்கலாம்னு இருந்தேன். அவ மறுபடியும் கேட்டா.”

கை இன்னும் தகரத்தின் மேலேயே இருந்தது.

“பாட்டைக் கூட்டி வெச்சேன்.”

சுகந்தி கீழே இறங்கினார். சரிவு என்பதால் ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பிறகு வளைவை நோக்கி நடந்துபோய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“மேஸ்திரி!” என்று கூப்பிட்டார் நாச்சிமுத்து. “அப்ப பேரிங்தானுங்களே?”

சுகந்தி திரும்பவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு முறை தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை மணி போயிற்று.

“ஏனுங்கப்பா?”

தட்டுகள் உரசும் சத்தம். பெண்கள் பேசும் சத்தம். ஹாஸ்டலில் சாப்பாட்டு நேரம்போல.

கீழிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. அது கடந்துபோகும்வரை அவர் காத்திருந்தார்.

“அப்பா? என்னங்கப்பா?”

“கேட்டுச்சு, கண்ணு.”