ஊசி வீடு

நாலு பிளாக், நூற்றுநாற்பது வீடு. அத்தனை வீட்டுக் குப்பையும் பார்க்கிங் மூலையில் இருக்கும் தகரக் கொட்டகைக்கு வந்து சேரும். பிளாக் பிளாக்காகப் போய் அதை இறக்கிவந்து, உட்கார்ந்து பிரிப்பவர் எஸ்தர். வயது முப்பத்துநாலு.

சங்கச் செயலாளர் தணிகாசலம் அறுபதைத் தாண்டியவர். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி இரண்டு வருஷமாகச் சுற்றறிக்கை அனுப்பினார். யாரும் கேட்கவில்லை. அப்படி என்னதான் பெரிய வித்தை இது, பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கொட்டகைக்கே போய், ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் போனார்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "செகரட்டரிக்கு குரு கிடைச்சாச்சு. தீட்சை எப்போ?"

நாற்பது பேர் சிரித்தார்கள். அந்த நாற்பது பேரின் குப்பையையும் குருதான் அள்ளிக்கொண்டிருந்தார். அவர்கள் வைத்த பெயர்தான் என்றாலும் பொருத்தமான பெயர். நாமும் அவரைக் குரு என்றும், செயலாளரைச் சீடர் என்றும் சொல்வோம்.

ஒருநாள் சீடர் கேட்டார்: "எல்லாரும் படிச்சவங்கதானே எஸ்தர்? ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, மத்ததுக்கு நீலக் கூடை. இதுல புரியாம என்ன இருக்கு?"

குரு ஒரு பையை அவிழ்த்துக் கொட்டினார். சோறு, பால் கவர், தலைமுடி, உடைந்த கண்ணாடி டம்ளர், டயாப்பர்.

"இது யார் வீடுன்னு தெரியுதா சார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"டயாப்பர் வீடு. இந்தப் பக்கம் இருக்கறது பார்சல் வீடு, அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. அது பூ வீடு. காஞ்ச மாலையைக்கூட நாரை உருவிட்டுத்தான் போடுவாங்க. தங்கமான வீடு."

சீடர் சிரித்துவிட்டார். "வீட்டு நம்பர் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். ஆனா நம்பரா என் கையில வருது?"

அதற்கடுத்த வாரம் குரு நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது வலது கை நடுவிரலில் கட்டு இருந்தது.

"என்னாச்சும்மா?"

"ஊசி சார். சோத்துக்குள்ள கெடந்துது. கையுறையைத் தாண்டி ஏறிடுச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"பெரியாஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்க. இப்போதைக்கு ஒண்ணுமில்லையாம். மூணு மாசம் கழிச்சு இன்னொருவாட்டி எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியுமாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன, பயந்துட்டு இருக்க வேண்டியதுதான். அக்கா வீட்லதானே இருக்கேன். அவ என்னைக் காய் நறுக்க விடமாட்டேங்குறா. என் தட்டைத் தனியா எடுத்து வெச்சிட்டா."

இதைச் சொல்லும்போது குருவின் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

சீடருக்குத் தெம்பு இருந்தது. எழுந்தே நின்றுவிட்டார். "எந்த வீடு? சொல்லு. ஞாயித்துக்கிழமை பொதுக்குழுல நிக்க வெச்சுக் கேக்கறேன். குரூப்ல பேரைப் போட்டு நாறடிக்கறேன்."

"ஊசி வீடு சார்."

"அதான் எதுன்னு கேக்கறேன்."

"விடுங்க சார்."

"எப்படி விடறது? சர்க்கரை இல்லாத வீடே இங்க கெடையாது. நூத்துநாப்பது கதவையும் நான் போய்த் தட்ட முடியுமா?"

குரு பைகளைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் ஏ பிளாக் பைகள். அப்போதுதான் சீடர் அதைக் கவனித்தார். வழக்கமாக குரு டி பிளாக்கில்தான் தொடங்குவார். அதிலும் நானூற்று மூன்றாம் எண் வீட்டுப் பையைத்தான் முதலில் அவிழ்ப்பார். அது செயலாளர் வீடு. பதவிக்குக் கொடுக்கிற மரியாதை என்று சீடர் நினைத்திருந்தார். வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

"என்ன, இன்னைக்கு எங்க வீட்டை மறந்தாச்சா?"

"மறக்கல சார். டி பிளாக் பக்கம் போகக் கால் வரல."

"தெனமும் எங்க பையைத்தானே மொதல்ல பிரிப்பே?"

குரு பையின் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"காலையில கைக்கு நல்லா உணர்ச்சி இருக்கும் சார். நாப்பது அம்பது பை பிரிச்சிட்டா மரத்துப் போயிடும். மரத்த கைதான் குத்து வாங்கும். அதனால அந்த ஒரு பையை மட்டும் முதல்லயே பாத்து முடிச்சிடுவேன். அன்னைக்கு உங்க பிளாக்ல லிஃப்ட் ரிப்பேர். பை கடைசியாத்தான் வந்துச்சு."

சீடர் வாளிமேல் உட்கார்ந்தார்.

மனைவியின் இன்சுலின் ஊசிகளுக்கென்று மூடி போட்ட டப்பா ஒன்றை அவர்தான் வாங்கிவந்திருந்தார். தன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டினார். அலமாரியில் வைத்தார். அது நிரம்பியதா, நிரம்பினால் யார் எடுத்துப் போவது என்று அவர் கேட்டதே இல்லை. தன் வீட்டுப் பையின் முடிச்சை ஒருநாளும் போட்டவரும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"போன வருஷமே உங்க வீட்டு அம்மாகிட்டச் சொன்னேன் சார். 'புகார்னா செகரட்டரிக்கு எழுதிக் குடு'ன்னாங்க."

"குடுத்தியா?"

"குடுத்தேன். 'டி பிளாக்ல ஊசி வருது'ன்னு எழுதிக் குடுத்தேன். டி பிளாக் லிஃப்டுல நோட்டீஸ் ஒட்டினீங்க."

"வீட்டு நம்பரைப் போடலியே நீ?"

"உங்க நம்பரை உங்களுக்கே எப்படி சார் எழுதறது?"

ஏ பிளாக் பைகளிலிருந்து புளித்த மோர் வாடை வந்தது. சீடர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்போ நான் என்ன செய்யட்டும்?"

குரு இடது கையால் முடிச்சை அவிழ்க்கப் பழகிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"மேல போங்க சார். பை வாசல்லதான் இருக்கும். எடுத்துட்டு வாங்க."

சீடர் நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார்.

"சார்."

திரும்பினார்.

"பைக்கு அடியில மட்டும் கை வைக்காதீங்க."